இனி ஏணி ஏறேலாது: ஒரு பிரிட்ஜ் மெக்கானிக்கின் முப்பத்தெட்டு வருடம்

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. திருகோணமலையில் எங்கள் சனசமூக நிலையத்தில் பத்திரிகை மேசையின் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கித் தந்திருந்தார்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வருவார்கள். என்ன படிக்கலாம், எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்ததைச் சொல்வேன். சம்பளமில்லாத வேலை. பிளேன்ரீ கிடைக்கும்.

அன்று பாலையூற்றிலிருந்து ஒரு பிள்ளை அப்பாவோடு வந்திருந்தாள். வருகிற எல்லோருக்கும் நான் கொடுப்பது ஒரே ஒரு தாள்தான். அதில் மூன்று நிரல்: என்ன செய்தீர்கள், எப்போது, அதற்கு என்ன சான்று. மகள் எழுதத் தொடங்க, வலது காலை நீட்டியபடி பிளாஸ்டிக் கதிரையில் இருந்த தகப்பன் எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்டு தாங்க தம்பி. சும்மா எழுதிப் பாப்பம்."

பத்து நிமிடத்தில் ஆறு வரி எழுதி முடித்தார். மூன்றாவது நிரலில் ஒரு எழுத்துக்கூட இல்லை. தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "இனி ஏணி ஏறேலாது தம்பி. அதையும் எங்கயாவது எழுதோணுமா?" என்று கேட்டார்.

மகளுக்காக வந்தவர் அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கானார். அடுத்த இரண்டு வருடம் நடந்ததை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். வேலை செய்த இடங்களின் பெயரும் வேண்டாம் என்றார். அவரை அண்ணன் என்றும், அரசாங்கப் பாடசாலை ஆசிரியையான மனைவியை அவர் கூப்பிடுகிற மாதிரியே ரீச்சர் என்றும் குறிப்பிடுகிறேன்.

ஆறு வரி

அண்ணன் பிறந்தது 1969. முதல் வரி 1986: சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, திருஞானசம்பந்தர் வீதியில் ஒரு பிரிட்ஜ் திருத்தும் கடையில் எடுபிடி. முதல் வருடம் செம்புக் குழாய் வெட்டியதும் சவர்க்கார நுரை பூசி ஓட்டை பார்த்ததும்தான். அந்தக் காலத்தில் எல்லாப் பிரிட்ஜுக்கும் ஆர்-12 காஸ். அளவுகோல் என்று ஒன்று கிடையாது. கொம்பிரசருக்குத் திரும்பி வரும் குழாயில் கையை வைத்துக்கொண்டு காஸைத் திறப்பார்கள். குழாய் வியர்த்தால் காணும். முதலாளியின் கையும் காதும்தான் மீற்றர். அண்ணனும் அதைத்தான் பழகினார்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, குடும்பம் சிதறியது. அண்ணன் கொழும்பு போய், கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் ஆறு வருடம் வேலை செய்தார். சிங்களம் அங்கே பழகினார். 1996இல் தகப்பனுக்கு வருத்தம் என்று திரும்பி வந்து ஐஸ் போடும் ஆலையொன்றில் சேர்ந்தார். அங்கே அமோனியா. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் தகரப்பெட்டிகளை இறக்கி, கட்டி ஐஸ் எடுப்பார்கள். கடலுக்குப் போகத் தடை விழுகிற நாட்களில் ஐஸுக்கும் ஆளில்லை, அரைச் சம்பளம். 2001இல் கலியாணம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்ததும் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் திரும்பவும் கண் திறந்தன. சம்பளம் கூட. அங்கே போனார். 2004 டிசம்பர் 26 அன்று அந்த ஹோட்டலை, ஏசிகளையும் அலுவலக அலுமாரியையும் சேர்த்து, கடல் கொண்டுபோனது.

பிறகு ஒன்றரை வருடம் கூலிக்கு அங்கங்கே. அதை அவர் ஒரு வரியாகக்கூட எழுதவில்லை. 2006இல் மூதூரில் சண்டை வந்து ரீச்சரின் பாடசாலையும் மூடப்பட்டது. மகளுக்கு அப்போது ஒரு வயது. கட்டார் போனார். 2012 வரை டோகாவில் கட்டடப் பராமரிப்பு நிறுவனமொன்றில் வேலை. திரும்பி வந்து, கட்டார் தொழிற்சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் என்று கிடைத்த கடைசிக் காசில் சொந்தக் கடை போட்டார். ஆறாவது வரி அது. இன்றுவரை ஓடுகிறது.

இந்த வரிகளை வாசிக்கும் யாரும், இதில் திட்டம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். அண்ணனே கேட்டார். "இஞ்ச திட்டம் போட்டவன் எவன் தம்பி? போட்டவனெல்லாம் எங்க?" எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒரு தரமாவது யாரோ வந்து பலகையைத் துடைத்துவிட்டுப் போன இடம் இது. ஆனால் அந்தத் தாளில் என்னை உறுத்தியது வேறு. வேலை மாறியதில் அவர் பிழை ஒன்றுமில்லை. சில மாற்றங்கள் கெட்டித்தனமானவை. ஒரு கட்டத்தில் உழைத்தது அடுத்த கட்டத்துக்குக் கூட வரவில்லை, அதுதான் பிரச்சினை. கையில் பழகியது வந்தது. கடதாசி வரவில்லை. காசும் அநேகமாக வரவில்லை.

எங்கே ஒழுகியது

முதலில் காசு. தனியார் துறையில் வேலை செய்கிறவருக்கு ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் போட்டு, மொத்தம் 20 வீதம் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். நாற்பதாயிரம் ரூபா சம்பளக்காரருக்கு மாதம் 9,200 ரூபா. பத்து வருடம் என்றால் வட்டியைக் கணக்கில் எடுக்காமலே பதினொரு இலட்சம்.

அண்ணனுக்கு நடந்தது இது. திருஞானசம்பந்தர் வீதிக் கடையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கொட்டாஞ்சேனையில் கேட்டார். "அதெல்லாம் வெட்டினால் கைக்கு என்ன வரும்?" என்று முதலாளி கேட்டார், இவரும் விட்டுவிட்டார். ஐஸ் ஆலை ஒழுங்காகக் கட்டியது. ஆனால் அது அரைச் சம்பள நாட்கள் கழிந்த தொண்ணூறுகளின் சம்பளம். பதினைந்து பேருக்குக் குறைவான இடம் என்பதால் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணிக்கொடையும் இல்லை. ஹோட்டலில் சம்பளத் துண்டில் 8 வீதம் வெட்டப்பட்டது. கட்டினார்களா என்று பார்க்கப் போனபோது இருபது வருடம் கடந்துவிட்டது. கணக்கில் ஒன்றுமில்லை. துண்டுகள் கடலோடு போய்விட்டன, ஹோட்டல் உரிமையும் கை மாறிவிட்டது. டோகாவில் அந்த முறையே கிடையாது. சொந்தக் கடையில் தானே முதலாளி, தனக்குத் தானே கட்டவில்லை.

ஆக, முப்பத்தேழு வருட உழைப்பில் சேமலாப நிதிக்குள் வந்தது ஆறு வருடம். தொழில் திணைக்களத்திலிருந்து அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணன் பேசவில்லை. உட்துறைமுக வீதியில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு இளநீர் குடித்தார். எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார்.

ரீச்சரின் கணக்கு நேர்மாறு. முதல் நியமனம் மூதூர்ப் பக்கம், கஷ்டப் பிரதேசம். இறங்குதுறையில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து போவார். கடல் பொங்கினால் தரைவழி, கிண்ணியாவில் பாதைக்கு, அதாவது வாகனம் ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்து பாதை மறைந்துபோன காலத்தில்தான் அவருக்கு நகரத்துக்கு இடமாற்றமும் கிடைத்தது. இத்தனைக்கும் ஒரு சேவைக்கோவை அவர் பின்னாலேயே போனது. லீவு, சம்பளப்படி, பயிற்சி என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. 1972இல் பிறந்தவர், 2032இல் அறுபது வயதில் பென்சனோடு வருவார். ஒரே வீடு, ஒரே யுத்தம், ஒரே சுனாமி. ஒருவருடைய வேலையை யாரோ எழுதி வைத்துக்கொண்டே வந்தார்கள், மற்றவருடையதை யாரும் எழுதவில்லை. எல்லோரும் அரசாங்க வேலை தேட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புத்தி எங்கள் ஊரில் தேவைக்கு மேலேயே விற்கிறது. அரசாங்கத்தில் ஒரு லிகிதர் செய்கிற வேலையை, வெளியே இருப்பவர் தானே செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

கையில் இருந்தது

இனி அவர் சரியாகச் செய்ததைச் சொல்ல வேண்டும். இதை அவர் தாளில் எழுதவே இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. ஆர்-12 ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று முதலில் அதைக் குறைக்க முடிவானது. 1990இல் முற்றாக நிறுத்துவதென்று ஆனது, எங்களைப் போன்ற நாடுகளுக்கு 2010 கெடு. அதாவது அண்ணன் தொழில் பழகத் தொடங்கி நான்கு வருடத்தில் அவர் பழகிய காஸுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அவருக்குத்தான் தெரியாது. பிறகு பிரிட்ஜுக்கு ஆர்-134ஏ வந்தது. அதற்குப் பழைய கொம்பிரசர் எண்ணெய் ஒத்துவராது, கலந்தால் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். இதைத் தெரியாமல் ஊரில் எத்தனையோ பிரிட்ஜை மெக்கானிக்மார் கொன்றார்கள். அண்ணனும் இரண்டைக் கொன்றிருக்கிறார், அவரே சொன்னார். அதற்குப் பிறகு ஆர்-600ஏ. தீப்பிடிக்கிற காஸ். சின்னப் பிரிட்ஜுக்கு ஐம்பது அறுபது கிராம்தான் போகும். குழாய் வியர்க்கும்வரை கையை வைத்துக்கொண்டிருந்தால் அளவு தப்பிவிடும். டிஜிட்டல் தராசு இல்லாமல் அந்த வேலை இல்லை. ஏசிக்குப் போட்ட ஆர்-22வும் 2030உடன் அநேகமாக முடிகிறது. ஆர்-410ஏ, ஆர்-32 என்று ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் வேறு, கருவி வேறு.

மூன்று தரம் தொழிலே கீழிருந்து மாறியிருக்கிறது, மூன்று தரமும் இவர் மாறியிருக்கிறார். முதலாவதைக் கொழும்பில் பார்த்துப் பழகினார், இரண்டாவதை டோகாவில். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வோல்டேஜ் ஏறி இன்வேர்டர் ஏசிகளின் சேர்க்கிட் பலகை எரியும். புதுப் பலகை வராது, டொலர் இல்லை. வந்தாலும் இருநூறு ரூபாயாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தாண்டியிருந்த விலையில் யார் வாங்குவது? அண்ணன் எரிந்த பலகைகளை வீட்டுக்குக் கொண்டுபோய், கரண்ட் வருகிற நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஐம்பத்துமூன்று வயதில் பலகை திருத்தப் பழகினார். கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி. மகள் ரோர்ச் பிடித்திருக்கிறாள். முதல் பதினொரு பலகையும் பழுதாகிப்போயின.

அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஏணி வழுக்கி, வலது முழங்கால் போனது. ஆபரேஷன் இல்லாமல் நடக்கலாம். ஏணி மட்டும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நின்று செய்கிற வேலை முடிந்துபோன அதே வருடத்தில், இருந்து செய்கிற வேலையொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். தான் செய்தது தனக்கே தெரியாமல், "இனி என்ன செய்யிற?" என்று ஒரு வருடம் யோசித்துக்கொண்டிருந்தார்.

கலண்டர்

நாங்கள் மூவரும் (ரீச்சரும் வந்தார், வராமல் விட்டிருந்தால் இந்த வழக்கு இரண்டாம் நாளே படுத்திருக்கும்) ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 2023இலிருந்து 2039 வரை கோடு போட்டோம். 2039இல் அண்ணனுக்கு எழுபது. ஒரு கோட்டில் ரீச்சரின் 2032. இன்னொன்றில் மகளின் படிப்பு முடியும் வருடம், உத்தேசமாக. மூன்றாவதில் முழங்கால். அதற்குத் திகதி இல்லை, ஆனால் போகும் திசை தெரியும்.

கோடு போட்டபின் ஒரு விஷயம் தெளிவானது. 2032 வரை வீட்டில் ஒரு நிச்சயச் சம்பளம் இருக்கிறது. புதுக் கருவி வாங்குவது, வருமானம் குறைந்தாலும் ஏணி வேலையை விடுவது என்று துணிந்து செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முதல் நடக்க வேண்டும். ரீச்சர் அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "என்ர சம்பளம் இருக்கக்குள்ள பிழை விட்டுப் பாருங்க." 2006இல் அண்ணன் கட்டார் போனதும் இதே கணக்கில்தான், அப்போது யாரும் கோடு போடவில்லை. ஒரு வீட்டில் இருவர் உழைத்தால் தொழில் திட்டம் இரண்டு இல்லை, ஒன்றுதான். இதை நான் அதுவரை பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை.

அப்புறம் வேலை மூன்று பக்கமாகப் பிரிந்தது.

கடதாசி முதலாவது. தேசிய தொழிற் தகைமை என்கிற என்.வி.கியூவில் ஏழு மட்டம். ஒரு தொழிலை முழுதாகச் செய்யத் தெரிந்தவருக்கு நான்காம் மட்டம். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்தும் காட்டி அதைப் பெறலாம். முன்னைய கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். அண்ணனுக்குக் கோபம் வந்தது. "முப்பத்தேழு வருஷம் வேலை செஞ்சவனைச் சோதிக்க ஒரு பொடியன் வாறதா?" ஒரு மாதம் அந்தக் கதை எடுபடவில்லை.

சான்று கிடைத்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. டோகாவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்ட் நிரப்ப வேண்டும். எந்தக் கட்டடம், என்ன கோளாறு, என்ன செய்தது, யார் செய்தது, மேற்பார்வையாளர் கையெழுத்து. பழைய கார்ட்டுகளைக் கொம்பனி எறியும்போது, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, பிள்ளைக்குப் படம் கீற உதவும் என்று லீவில் வரும்போதெல்லாம் ஒரு கட்டு கொண்டுவந்திருக்கிறார். ரீச்சர் மகளின் படங்களை எறியாமல் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருந்தார். யானை, கோயில் கோபுரம், நாலு கால் மீன். ஒவ்வொன்றையும் திருப்பினால் சில்லர் சேர்விஸ் விபரம், அண்ணனின் பெயர், திகதி, கையெழுத்து. நாற்பதுக்கு மேல் தேறின. அவருடைய முப்பத்தேழு வருடத்தில் யாரும் கையெழுத்து வைத்த ஒரே கட்டு அதுதான், அதுவும் யானைக்காகத் தப்பியது.

மதிப்பீட்டாளர் பொடியன்தான். அண்ணன் செம்புக் குழாய் ஒட்டியதைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா செய்து காட்டுங்கோ ஐயா, நான் வீடியோ எடுக்கட்டா?" என்று கேட்டானாம். 2024இல் சான்றிதழ் வந்தது.

உப்பு இரண்டாவது. எங்கள் கரையில் சுற்றுலாக் காலம் சித்திரை வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு முடியும். மாரி தொடங்கினால் ஹோட்டல்கள் வெறிச்சோடும். அண்ணனின் வருமானமும் அதே மாதிரி ஏறி இறங்கும். சீசனில் நடு இரவிலும் கூப்பிடுவார்கள், சீசன் முடிந்தால் போன் அடிக்காது. உடம்பு முறிவதும் அந்த ஐந்து மாதத்தில்தான். ஆனால் நிலாவெளிக் காற்றில் உப்பு. வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளில் உப்புப் படிந்து, பல்லுப் பல்லாக இருந்தது வெள்ளை மாவாக உதிரும். கை வைத்தால் தூளாகிறது. மாதாமாதம் நல்ல தண்ணீரால் கழுவினாலே ஆயுள் கூடும், யாரும் கழுவுவதில்லை. சீசன் இல்லாத மாதங்களில் கழுவி, கறல் துடைத்து, பலகைகளைக் கழற்றி வெயில் படாத மேசையில் வைத்துப் பார்த்துத் தருவது என்று வருட ஒப்பந்தம் பேசலாம் என்பது அண்ணனின் சொந்த யோசனை. என் பங்கு ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் கேட்டுப் போன முதல் ஹோட்டலில் கேட்டது, "கோலிபிக்கேஷன் பேப்பர் இருக்கா?" யானைக் கட்டு அங்கே விலை பெற்றது. மூன்று இடம் பிடித்தார். ஏணி ஏற இரண்டு பொடியன்கள், கீழே நின்று பார்க்க அவர்.

மூன்றாவது காசு. 2024இல் அவருக்கு ஐம்பத்தைந்து. ஆண்களுக்குச் சேமலாப நிதியை எடுக்கக்கூடிய வயது அது, பெண்களுக்கு ஐம்பது. எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, வருடா வருடம் வட்டி சேரும், விட்டு வையுங்கள் என்று நான் வாதாடினேன். ஆனால் 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குள் அந்த நிதியும் இழுக்கப்பட்டதிலிருந்து சனம் பயந்துபோயிருந்தது. அண்ணனும்தான். எடுத்துவிட்டார். பெரிய தொகை இல்லை. பாதிக்கு நல்ல வெக்குவம் பம்ப், தராசு, உயரம் கூட்டிக் குறைக்கிற ஒரு வேலை மேசை. மீதி நிலையான வைப்பு. இப்போது யோசித்தால் மேசை விஷயத்தில் அவர் சரி, வட்டி விஷயத்தில் நான் சரி என்று நினைக்கிறேன், ஆனால் முழங்கால் அவருடையது. சுயதொழில்காரருக்கென 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்ந்தார். இருபத்தைந்து வயதில் சேர்ந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம் என்று ரீச்சர் தடுத்துவிட்டார்.

பிழைத்தவை

என் பிழை ஒன்று. வயது போனவருக்குக் கற்பித்தல்தான் சரியான அடுத்த கட்டம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எல்லா வழிகாட்டிகளுக்கும் இருக்கிற மூட நம்பிக்கை அது. தனியார் பயிற்சி நிலையமொன்றில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் வருகை விரிவுரையாளராக ஒழுங்கு செய்து கொடுத்தேன். முப்பது பிள்ளைகள், ஒரு வெள்ளைப் பலகை. அண்ணன் பலகையைப் பார்த்தபடியே பேசுவார். பின்வரிசை போன் பார்க்கும். மூன்று மாதம் காசும் வரவில்லை. நான்காம் மாதம் போவதை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் அந்த நிலையத்தில் விசாரித்துத்தான் அறிந்தேன். அதே மனிதர் தன் மேசையில் ஒரு பொடியனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பலகை காட்டும்போது நீங்கள் பார்க்க வேண்டும். "தொடாத, முதல்ல மணந்து பார். எரிஞ்ச மணம் எங்க வருது?"

இன்னொன்று, இரண்டு பொடியன்களில் கெட்டிக்காரன் எட்டு மாதத்தில் ருமேனியா போய்விட்டான். விமான ரிக்கற் எடுத்தபிறகுதான் சொன்னான். அண்ணனுக்கு அது முழங்காலைவிட வலித்தது. இருந்தவனோடு ரீச்சர் ஒரு ஒற்றை எழுதினார்: நாட்கூலி இல்லை, ஒவ்வொரு வேலையிலும் பங்கு, அவனுக்கும் சேமலாப நிதி கட்டப்படும். கடையைப் பதிவு செய்து, முதலாளி பங்கு 12 வீதத்தை அண்ணன் தன் கையால் கட்டிய முதல் மாதம், பற்றுச்சீட்டை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இப்போது

சீசன் மாதங்களில் அவருடைய வருமானம் முன்பைவிடக் குறைவு. மாரி மாதங்களில் கூட. மொத்தத்தில் கொஞ்சம் குறைவுதான் என்று அவரே சொல்கிறார், ஆனால் நித்திரை வருகிறதாம். எழுபது வரை மேசை வேலை ஓடுமா என்பது கண்ணைப் பொறுத்தது. ஒரு கண்ணில் வெண்புரை தொடங்கியிருக்கிறது, அதையும் கலண்டரில் போட்டிருக்கிறோம்.

மகள் இப்போது கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். பின்னேரங்களில் கடையின் பில், ஒப்பந்தக் கடிதம், பொருட்கணக்கு எல்லாம் அவள்தான். போன மாதம் எங்கோ பகுதிநேர வேலைக்கு விண்ணப்பிக்க, முன் அனுபவத்துக்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் சேவைக் கடிதம் கேட்டிருக்கிறாள்.

அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, இதெல்லாம் எப்படித் தொடங்கிற? எனக்கு ஒருத்தனும் தந்ததில்லையே, மாதிரி பாக்க."

நான் போனபோது கடை மேசையில் பலகைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளோடு இருந்தார். திகதியும் 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்ற சொல்லும் மட்டும் இருந்தன. சொல்லச் சொல்ல எழுதினார். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை, இன்ன வேலை, நம்பிக்கையானவர். கையெழுத்து வைத்து, கடையின் ரப்பர் முத்திரையை இரண்டு தரம் ஊதி, ஒரு தரம் குத்தினார். நேராக விழுந்ததா என்று தூரப் பிடித்துப் பார்த்தார்.

பிறகு இன்னொரு தாள் எடுத்தார்.

"அது ஆருக்கு அண்ணன்?"

"ருமேனியாக்காரனுக்கு. கேக்கேல்ல. கேப்பான்." பழைய பில் புத்தகத்தை எடுத்து விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். "வந்தது தைப்பொங்கலுக்குப் பிறகு. எட்டு மாசமா, எட்டரையா? பொறுங்க, பாத்துட்டுப் போடுவம்."